ஜிம்முக்கு ஒரே ஜோடி ஷூ போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு ஜிம்மில் போன மாதம் சேர்ந்தேன். இருபது நிமிடம் ட்ரெட்மில், அப்புறம் ஸ்குவாட், டெட்லிஃப்ட், வெள்ளிக்கிழமை ஸும்பா. ஓடுவதற்கு ஒன்று, எடை தூக்க ஒன்று என்று இரண்டு ஜோடி ஷூ வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். தனக்குத் தெரிந்தவரிடம் பெரிய பிராண்டின் 'ஃபர்ஸ்ட் காப்பி' 1,800 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றும் சொல்கிறார். என்னால் 2,500 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. என்ன வாங்கலாம்?

பதில்: ஒரு ஜோடி போதும். உங்கள் பணத்துக்குள் நல்லதாகவே வாங்கலாம். அந்த ஃபர்ஸ்ட் காப்பி மட்டும் வேண்டாம்.

வாரம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடுபவர்களுக்குத் தனி ஓட்ட ஷூ வேண்டும். இருபது நிமிட ட்ரெட்மில்லுக்கு அது தேவையில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் ஸ்குவாட். ஓட்ட ஷூக்கள் பலவற்றில் குதிகால் பக்கம், முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். நேராக ஓடும்போது அந்த மெத்தை அதிர்வை வாங்கிக்கொள்ளும். தோளில் பார் வைத்து உட்கார்ந்து எழும்போது அதே மெத்தை ஒரு பக்கமாக அமுங்கும். கணுக்கால் உள்பக்கம் சாயும், முழங்காலும் கூடவே சாயும். ஸும்பாவில் பக்கவாட்டில் கால் வைக்கும்போதும் இதே தொந்தரவுதான்.

அதனால் உங்களுக்கு வேண்டியது தாழ்வான, கெட்டியான, அடிப்பாகம் அகலமான ஷூ. கடையில் 'ட்ரெயினிங் ஷூ' என்று கேளுங்கள். நைக்கி மெட்கான், ரீபோக் நானோ எல்லாம் இந்த வகைதான். அவற்றின் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் அந்த அமைப்பு டெகத்லான் மாதிரிக் கடைகளின் சொந்தத் தயாரிப்புகளிலும், கேம்பஸ், ஸ்பார்க்ஸ் போன்ற இந்திய பிராண்டுகளிலும் தேடினால் கிடைக்கும். தேட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், ஏனென்றால் இந்த விலையில் அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி மெத்து மெத்தென்ற ஓட்ட ஷூதான். 'மெமரி ஃபோம், மேகத்தில் நடக்கிற மாதிரி இருக்கும்' என்று விற்பனையாளர் சொன்னால் அது உங்களுக்கான ஷூ இல்லை.

கையாலேயே சோதித்துவிடலாம். குதிகால் பக்கச் சோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், லேசாகத்தான் அமுங்க வேண்டும். முனையைப் பிடித்து வளையுங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் இல்லாத வெறும் பைலான், அதாவது ஃபோம் அடிப்பாகம், வியர்வை சிந்திய டைல்ஸ் தரையில் வழுக்கும். பிறகு கடையிலேயே ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், அப்புறம் இரண்டு காலையும் ஊன்றிப் பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சாயங்காலமாகப் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். நம் பாதம் பொதுவாக முன்பக்கம் அகலம், நாம் வாங்குவதோ யூகே அளவில். சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்கப் பாதங்களை அளந்து இந்தியருக்கென்று தனி அளவு முறையே வகுத்திருக்கிறது. அது எப்போது கடைக்கு வந்து சேருமோ! அதுவரை விரல் நெருக்கினால் அரை அளவு கூட்டி வாங்குவதுதான் வழி.

இப்போது அந்த 1,800 ரூபாய் விஷயம். ஃபர்ஸ்ட் காப்பி, செவன் ஏ, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் நம்பாதீர்கள். வெளித்தோற்றத்தைத்தான் நகல் எடுப்பார்கள். உள்ளே என்ன ஃபோம், என்ன பசை என்று விற்பவருக்கே தெரியாது. குதிகால் வலி என்று என்னிடம் வருபவர்களின் ஷூவைத் திருப்பிப் பார்ப்பேன். சோல் ஒரு பக்கமாகச் சப்பிப் போயிருக்கிற ஜோடிகளில் இந்த நகல்கள் நிறைய. பில் கிடையாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். போலி வணிகக்குறியோடு விற்பவருக்கு 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனாலும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வெளிப்படையாக விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. உங்கள் பயிற்சியாளருக்கு இதில் கமிஷன் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் செருப்பும் புரோட்டீன் பவுடரும் விற்க ஆரம்பித்தால் பணத்தை நீட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

இன்னொரு கூட்டம் கம்ப்யூட்டரில் பாதத்தை ஸ்கேன் செய்து, 'உங்களுக்குத் தட்டைப் பாதம்' என்று பயமுறுத்தி, ஷூ விலைக்கே ஒரு இன்சோலை (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் அட்டை) தலையில் கட்டும். வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

'70 சதவீதத் தள்ளுபடி' என்றால் பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பாலியூரித்தேன் சோல் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் போடாமலே வைத்திருந்தாலும் சிதைந்து, ஒரு நாள் கையோடு பெயர்ந்து வரும். தள்ளுபடிக் கணக்கையும் நம்பாதீர்கள். எம்ஆர்பியைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார், எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றி அச்சடிக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் காலணிக்கு அதைக் கட்டாயமாக்கி 2024 ஆகஸ்டில் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையில் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு, பழைய இருப்புக்கு அவகாசம் என்று ஓட்டைகள் இருப்பதால், முத்திரை இல்லாததும் அலமாரியில் இருக்கும். முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து, பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ இருந்தால் மேலே சொன்ன சோதனைகள் போதாது. உணர்வு குறைந்த கால், இறுக்கமான ஷூவைத்தான் 'சரியாக இருக்கிறது' என்று சொல்லும். எனவே காலை நம்பாமல் கண்ணால் பாருங்கள். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். பாதம் எந்தப் பக்கமும் விளிம்பைத் தாண்டக் கூடாது. போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள், ஒரு சிறு கல் போதும் புண் வர. புது ஷூவை முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் சாக்ஸையும் கழற்றி, விரலிடுக்கு வரை சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஜிம்மில் யார் சொன்னாலும் வெறுங்காலோடு எடை தூக்க வேண்டாம். ஷூ வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள்.

வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 18. உங்கள் பில்லில் 18 போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்குள் மட்டும் இரண்டு நாள் போட்டு நடந்து பாருங்கள், அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். கடித்தால் அழுக்காகும் முன் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். சோல் விட்டுப்போய் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், பில் இருந்தால் பேச வசதியாக இருக்கும்.