புது டயர் போட்டதும் வண்டி ஏன் வேறு மாதிரி ஓடுகிறது?

டயர் மாற்றிய மறுநாளே "வண்டி சரியில்லை" என்று திரும்பி வருகிறவர்கள் எங்கள் கடையில் அதிகம். பெரும்பாலும் வண்டியில் குறை இருக்காது. தேய்ந்த டயருக்குப் பழகிய கைக்குப் புதுசு அந்நியமாகத் தெரியும், அவ்வளவுதான். சிலசமயம் மாட்டியதிலேயே தவறு இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் உங்கள் கேள்விகளுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, பல்சர் 150-க்குப் பின் டயர் மட்டும் மாற்றினேன். வளைவில் லேசாகச் சாய்த்தாலே வண்டி படுக்கப் பார்க்கிறது. டயர் டூப்ளிகேட்டா?

இல்லை தம்பி. கழற்றிய பழைய டயர் கடையில் இருந்தால் அதன் குறுக்கே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். நடுவில் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டு ஓரத்திலும் ஒரு விளிம்பு கையில் தட்டுப்படும். தினமும் நேர்ரோட்டில் ஓடுவதால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து அப்படி ஆகிறது. அந்த டயரில் வளைவு திரும்பும்போது வண்டி முதலில் முரண்டு பிடிக்கும், விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். உங்களுக்கே தெரியாமல் ஹேண்டில்பாரைக் கூடுதலாக அழுத்தி ஓட்டப் பழகியிருக்கிறீர்கள்.

புது டயர் உருண்டையாக இருக்கும், அதில் விளிம்பே கிடையாது. பழைய அழுத்தத்தை அப்படியே கொடுத்தால் தேவைக்கு மேல் சாயத்தான் செய்யும். இன்னொன்றும் உண்டு. தேய்ந்துபோன ரப்பர் திரும்பக் கிடைத்ததில் வண்டியின் பின்பக்கம் சில மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அதனாலும் முன்பக்கம் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்பும். கையை இறுக்காமல், பாதி பலத்தில் திருப்பிப் பாருங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். வண்டி முதலில் வாங்கியபோது இப்படித்தான் ஓடியது, அது மறந்துபோயிருக்கும்.

கேள்வி: புது டயர் வழுக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அச்சிலிருந்து வந்த ரப்பர் மேல்பரப்பு வழவழவென்று பளபளக்கும். ரோட்டில் உரசிச் சொரசொரப்பான பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். டயர் கம்பெனிகள் பொதுவாக முதல் 100 முதல் 160 கிலோமீட்டர் வரை நிதானமாகப் போகச் சொல்கின்றன. நான் 150 என்று சொல்லி அனுப்புவேன். அதுவரை திடீர் பிரேக், திடீர் முறுக்கு, ஆழமான சாய்வு மூன்றும் வேண்டாம். சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள், அது ரப்பரைக் கெடுக்கும். டயர் பாலிஷ் ரோட்டில் படும் பகுதியில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம்.

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு டயரும் மாற்றிவிட்டு ஞாயிறு கொல்லிமலை போகலாமா?

போகாதீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. நேரே நெடுஞ்சாலையில் ஓட்டி 150 கிலோமீட்டரை முடித்தாலும் டயரின் நடுப்பகுதிதான் பழகியிருக்கும். ஓரம் அப்படியே பளபளப்பாக இருக்கும். ஓரத்தில் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரைப் பாருங்கள், தேயாமல் நின்றால் அந்தப் பகுதி இன்னும் ரோட்டைத் தொடவில்லை என்று அர்த்தம். ஒரு வாரம் முன்னதாக மாற்றுங்கள். ஊருக்குள்ளே, தெரிந்த வளைவுகளில், நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்துப் பழக்குங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

கேள்வி: 50-ஐத் தாண்டினால் ஹேண்டில்பார் ஆடுகிறது. இதுவும் பழகிவிடுமா?

பழகாது. பழகவும் கூடாது. இது மாட்டியதில் உள்ள குறை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆடும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில், ரிம்முக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி உட்கார வைக்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: வண்டி பந்து மாதிரி குதிக்கிறது, சின்னக் கல்கூட முதுகில் தெரிகிறது.

காற்று. டியூப்லெஸ் டயரை ரிம்மில் உட்கார வைக்க, 'டப் டப்' என்று சத்தம் வரும்வரை கூடுதல் காற்று அடிப்போம். பிறகு குறைக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அது விட்டுப்போவது உண்டு. காலையில், வண்டி ஓடாமல் டயர் சூடில்லாமல் இருக்கும்போது, கையேட்டில் அல்லது வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிபாருங்கள்.

கேள்வி: டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது.

பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் செயினும் பிரேக்கும் திரும்ப அமைக்கப்படுகின்றன. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இழுத்துப் பிடித்து உடனே நின்றால் பிரேக் உரசுகிறது அல்லது செயின் ரொம்ப டைட் என்று அர்த்தம். ஸ்விங் ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையில், இரண்டு பக்கமும் உள்ள கோடுகளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே இருந்தால் சக்கரம் கோணலாக ஓடும், புது டயர் சீக்கிரம் தேய்ந்து வீணாகும்.

கேள்வி: 100/90-17 இருந்த இடத்தில் 120/80-17 போட்டேன். பார்க்க அழகு, ஆனால் திருப்புவது கனமாக இருக்கிறது.

முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. பழையதில் உயரம் 90 மில்லிமீட்டர், இதில் 96. உயரமும் கூடியது, எடையும் கூடியது. ரிம் அகலம் மட்டும் பழையதுதான். டயர் அதில் நெருக்கப்பட்டு வடிவம் மாறிவிடும். இந்தக் கனம் பழகினாலும் குறையாது. கம்பெனி சொன்ன அளவுக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். மழைக்காலம் வருகிறது, எப்போது மாற்றலாம் சார்?

இப்போதே மாற்றிவிடுங்கள் அம்மா, மழை பிடிக்கும் முன்பே காய்ந்த ரோட்டில் 150 கிலோமீட்டர் ஓடட்டும். முடிந்தால் அந்த நாட்களில் பிள்ளைகள் இல்லாமல் கடைக்கு, கோயிலுக்கு என்று தனியாக ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். மழை வந்ததும் ஜீப்ரா கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், புது டயராக இருந்தாலும் ஈரமான பெயிண்ட் வழுக்கும்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பல வருடம் கிடங்கில் கிடந்ததாகத் தெரிந்தால், வேறு டயர் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.