வாடகையும் வரவில்லை, வீடும் காலியாகவில்லை: கரண்டைத் துண்டிக்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் எனக்கு ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். 2023இல் ஒரு புரோக்கர் மூலம் 11 மாத ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு விட்டேன்; பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை. நான்கு மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால், ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் வாடகைதாரர். கரண்டைத் துண்டித்தால் ஓடிவிடுவார், இல்லையென்றால் ஒரு தொகை கொடுங்கள், நானே காலி செய்து தருகிறேன் என்கிறார் புரோக்கர். 12 வருடம் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கே சொந்தமாகிவிடும் என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 12 வருடப் பயத்தை விடுங்கள். வாடகைக்கு வந்தவர், அவரை உள்ளே விட்ட உரிமையாளரைப் பார்த்து ‘இது உன் வீடே இல்லை’ என்று வாதாட சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. வாடகைதாரராக இருக்கும்வரை எத்தனை வருடம் இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான். அவர் வாடகைதாரர் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவே. வாடகை வங்கி வழியாக வந்திருந்தால் அந்தப் பதிவுகளை இன்றே எடுத்து வையுங்கள்.

அடுத்து, கரண்டைத் தொடாதீர்கள். தண்ணீரையும்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. வாடகை பாக்கி இருக்கிறதே என்றாலும் தடைதான். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டு மாற்றுவது அதைவிட மோசம். அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்றே பார்க்காமல் அவரைத் திரும்பக் குடிவைக்க உத்தரவிடும் சட்டம் இருக்கிறது. பாக்கி வைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் எதிரி ஆகிவிடுவீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, எழுத்தில் ஓர் அறிவிப்பு. எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று தனித்தனியாகக் குறிப்பிட்டு, ஒரு மாதத்துக்குள் கட்டச் சொல்லுங்கள். தபாலில் அனுப்புங்கள். வாங்க மறுப்பாரோ என்று யோசிக்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடம் நேரில் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் வீட்டின் முன்பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டலாம். ஒட்டினால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத பாக்கி, அறிவிப்பு, அதன் பிறகும் ஒரு மாதம் பணம் வரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு போடலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, பலர் இடறி விழுவது இங்கேதான். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கி முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டால், பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. உங்களிடம் கட்டினாலும் சரி, நீதிமன்றத்தில் கட்டினாலும் சரி. ஆனால் பாதி கட்டினால் இந்தச் சலுகை இல்லை. மூன்று மாத வாடகையைக் கட்டிவிட்டு நான்காவதை அப்புறம் தருகிறேன் என்றாலும் இல்லை. ஒரு முறை இப்படித் தப்பித்தவர், அடுத்து ஏதாவது ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை தராமல் விட்டால், மறுபடி இதே சலுகையைக் கேட்க முடியாது. அதனால் அவர் பணம் கட்டிவிட்டாலும் அறிவிப்பின் நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அதுதான் பேசும்.

‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று போட்டுவிடாதீர்கள். போட்டால், நான்கு மாதமாக வாடகை பாக்கி என்ற உங்கள் வாதம் அங்கேயே நொண்டும். கடைசியில் உடைந்த குழாய்க்கும் கட்டாத மின்கட்டணத்துக்கும் கழிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதை இந்தச் சட்டம் விரும்பவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து மாத அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மாத பாக்கி என்று போய் நின்றால் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது.

இப்போது உங்கள் 11 மாத ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழிதான் இந்த 11 மாதம். 2019க்குப் பிறகு அந்தத் தந்திரம் பாதிதான் பலிக்கும். எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதை இணையத்திலேயே செய்யலாம். ஆனால் யார் செய்கிறார்கள்? சட்டம் போட்டார்கள், இணையதளம் திறந்தார்கள், வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்ல மட்டும் ஆளில்லை. இன்றும் புரோக்கர் கையில் அதே முத்திரைத்தாள், அதே பழைய வாசகங்கள். உங்கள் அறிவிப்போடு, புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிய வரும்படி இன்னொரு கடிதமும் அனுப்புங்கள். ஒப்பந்தம் போடத் தவறுவதும் வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணம்தான். எந்தக் காரணத்தில் மனு என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். விரைவாக முடிக்கவென்றே வாடகை நீதிமன்றங்களை வைத்தார்கள். வாய்தா வாங்கும் பழக்கமும் கூடவே அங்கே குடிவந்துவிட்டது, என்ன செய்வது!

காலி செய்து தருகிறேன் என்கிறாரே புரோக்கர், அவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அவர் ஆட்களை அனுப்பி ஏதாவது நடந்தால், புகாரில் உங்கள் பெயரும் சேரும். ‘நீங்கள்தான் வெளியூராச்சே, எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுங்கள்’ என்றால் அதற்கும் தலையாட்டாதீர்கள். வெளியூர் உரிமையாளர்களைக் குறிவைக்கும் மோசடி ஒன்று உண்டு: உங்களிடம் மாத வாடகை என்று பேசி வீட்டை வாங்குவார்கள், அங்கே குடிவருபவரிடம் பெருந்தொகையை லீஸுக்கு என்று வாங்கிக்கொள்வார்கள். கொஞ்ச காலம் உங்களுக்கு வாடகை ஒழுங்காக வரும். அப்புறம் நடுவில் இருப்பவர் போனை எடுக்க மாட்டார். குடியிருப்பவர் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், அவரும் ஏமாந்தவர்தான்.

எனவே அறிவிப்பை எழுதுவதற்கு முன் வங்கிப் பதிவில் ஒன்றைப் பாருங்கள்: இதுவரை வாடகை யாருடைய கணக்கிலிருந்து வந்தது? குடியிருப்பவர் கணக்கு என்றால் மேலே சொன்னபடி செய்யுங்கள். புரோக்கர் கணக்கிலிருந்து வந்திருந்தால், ‘அட்வான்ஸ் எவ்வளவு, யாரிடம் கொடுத்தீர்கள்?’ என்று குடியிருப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலோடு வழக்கறிஞரைப் பாருங்கள். அறிவிப்பு யார் யாருக்குப் போக வேண்டும் என்பதே அப்போது மாறிவிடும்.