கோழிக்குஞ்சின் இரத்தக் கழிச்சல் (கொக்சிடியோசிஸ்): மருந்து தீனிலா, தண்ணீரிலா?

ஹட்டன்: நாலு வாரக் குஞ்சுகள், எச்சத்தில் இரத்தம். முதல் நாளிலிருந்தே இந்நோய்க்கான மருந்து அம்ப்ரோலியம் கலந்த தீன்தான் போடுகிறேன். பிறகும் ஏன் வந்தது?

தீனில் உள்ள அளவு, கிலோவுக்கு 125 மில்லிகிராம், நோய் வராமல் தடுக்கத்தான். வந்துவிட்டால் குஞ்சு தீனைத் தொடாது, தண்ணீரை மட்டும் குடிக்கும். அதனால் மருந்தைத் தண்ணீரில் கொடுங்கள். 20 சதவீதத் தூள் என்றால் 10 லீற்றருக்கு 12 கிராம், 3 முதல் 5 நாட்கள். பிறகு 3 கிராமாகக் குறைத்து ஒரு வாரமாவது தொடருங்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும், பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்கக் கூடாது. அந்த நாட்களில் விற்றமின் பி1 உள்ள டொனிக்கை நிறுத்துங்கள். நோயை உண்டாக்கும் குடல் ஒட்டுண்ணிக்கு பி1 போய்ச் சேராமல் தடுத்துத்தான் அம்ப்ரோலியம் அதை அடக்குகிறது. டொனிக் ஊற்றினால் காசும் போச்சு, மருந்தும் போச்சு. செத்த குஞ்சை அறுத்துப் பாருங்கள்: குடல்வால்கள் (குடலின் கடைசிப் பக்கத்திலுள்ள பைகள்) இரண்டும் வீங்கி இரத்தக்கட்டி நிறைந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். கால்நடை வைத்தியரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

பண்டாரவளை: எங்கள் குளிரில் இந்த ஒட்டுண்ணி பிழைக்குமா?

வெளியே குளிர்தான், புரூடரில் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் இடம்) பல்புக்குக் கீழே 30 பாகை. எச்சத்தோடு விழும் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு ஈரமும் காற்றும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குளிருக்குப் பயந்து படங்கை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுகிறோம், ஈரம் உள்ளேயே நிற்கிறது. மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள். அதைச் சுற்றியுள்ள மரத்தூளைக் கையில் பிடித்து அழுத்துங்கள். கட்டியாக நின்றால் அன்றே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். சாதாரணக் கிருமிநாசினிக்கு இந்தக் கூடு அசையாது.

பதுளை: மருந்தை வீட்டிலேயே தீனில் கலக்கலாமா?

கலக்கலாம். 25 சதவீத அம்ப்ரோலியம் பிரிமிக்ஸ் (தீனில் கலக்கும் மருந்துத் தூள்), 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம். நேரே மூட்டையில் கொட்டினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் ஒன்றுமே இராது. முதலில் ஒரு கிலோ தீனில், பிறகு ஐந்து கிலோவில், கடைசியில் முழுவதிலும் கலந்து பிரட்டுங்கள். கடைத்தீனில் ஏற்கெனவே மருந்து இருக்கிறதா என்று பையின் சீட்டைப் பாருங்கள்.

தலவாக்கலை: இந்நோய்க்குத் தடுப்பூசி போட்ட குஞ்சுக்கும் இதே தீனா?

வேண்டாம். உயிருள்ள தடுப்பூசியை அந்த மருந்தே அடக்கிவிடும்.

நுவரெலியா: இந்நோய்க்கான இன்னொரு மருந்து சலினோமைசின் கலந்து மிஞ்சிய கோழித்தீனைச் சவாரிக் குதிரைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கவே வேண்டாம், குதிரை செத்துவிடும். வான்கோழிக்கும் ஆகாது. கோழிக்கே டயமுலின் என்ற அன்டிபயோட்டிக் கொடுக்கும்போது இந்தத் தீன் கூடாது, இரண்டும் சேர்ந்தால் கால் முடங்கும்.