பரோலோ, கியாந்தி குடித்தாயிற்று. அதிகம் பேசப்படாத, அழுத்தமான இத்தாலியச் சிவப்பு ஒயின் எது?

சக்ராந்தினோ. நடு இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் மோன்தெஃபால்கோ என்ற குன்றின் மேலுள்ள சிற்றூரைச் சுற்றித்தான் இதே பெயருள்ள திராட்சை முக்கியமாக விளைகிறது. அதன் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். முதல் மடக்கிலேயே கடுக்காயைக் கடித்ததுபோல ஈறு இழுத்துக்கொள்ளும். பயந்து கிளாஸைக் கீழே வைத்துவிடாதீர்கள்! அகன்ற குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். அப்புறம் கருநிறப் பழ வாசனை மெல்ல எழும்.

இந்தக் கடுமை தணியத்தான் குறைந்தது 37 மாதம் முதிர வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதில் 12 மாதம் மரப்பீப்பாயில். முன்பெல்லாம் பழத்தை உலர்த்தி இனிப்பு ஒயினாகவே செய்தார்கள். அந்தப் பாஸித்தோ இன்றும் கிடைக்கிறது. இனிப்பில்லாததற்குக் கொழுப்புள்ள ஆட்டிறைச்சிதான் சரியான ஜோடி. மீனோடு வேண்டவே வேண்டாம்.