தோட்டம் கேள்வி–பதில்: வெள்ளை விளிம்பு மேப்பிள்

வீட்டு வாசலில் நாலு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் இருக்கிறது. இலையில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த மேப்பிள் ஒன்று வைக்க ஆசை. எந்த ரகம் வாங்குவது, எந்தப் பக்கம் நடுவது?
— வாசகி, லெனேசியா

அந்த அளவு இடத்துக்கு ஜப்பானிய மேப்பிள்தான் சரி. அதில் ‘பட்டர்ஃபிளை’ என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சாம்பல் கலந்த பச்சையில் சின்ன இலை, ஓரமெல்லாம் பாலேட்டு வெள்ளை, துளிர்க்கும்போது அந்த வெள்ளையில் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். நிமிர்ந்து வளரும். பத்து வருடத்தில் இரண்டு, இரண்டரை மீட்டர் வந்தால் அதிகம். ‘உகிகுமோ’ என்று இன்னொன்று உண்டு. ஜப்பானிய மொழியில் ‘மிதக்கும் மேகம்’ என்று பொருள். இலை முழுக்க வெள்ளை தூவினாற்போல இருக்கும். அழகில் அதுவே ஒரு படி மேல், ஆனால் வெயில் துளியும் தாங்காது. முதல் மேப்பிளாக அதை வாங்க வேண்டாம். ‘டிரம்மண்டி’ என்று பெயர் எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அது நார்வே மேப்பிள், பத்து மீட்டரையும் தாண்டும்.

இடம் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அது மரத்துக்கு உணவு தயாரிக்காது, வெயிலில் முதலில் கருகுவதும் அதுதான். மீதியிருக்கும் பச்சையை நம்பித்தான் முழு மரமும் பிழைக்கிறது. வெயில், தண்ணீர், உரம், கவாத்து எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே வீட்டின் கிழக்குப் பக்கம் நடுங்கள். காலையில் மூன்று நான்கு மணி நேரம் வெயில் கிடைக்கும், நண்பகலுக்குப் பிறகு சுவரே நிழல் தரும். நம் தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கு வழியாகப் போவதால் வடக்குச் சுவரோரம் சூடு அதிகம். மேற்குச் சுவர் அதைவிட மோசம். அதற்காக முழு நிழலில் வைத்தால் வெள்ளை மங்கி, கிளை ஒல்லியாக நீளும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் போதும். வேர் மேலாகவே படரும் சன்ன வேர், அஸ்திவாரத்தை அசைக்காது.

நடுவதற்கு ஏற்ற காலம் ஜூலை, அதாவது ஆடி பிறக்கும் சமயம். ஊரில் விதைக்கும் பட்டம், இங்கே மேப்பிள் இலையுதிர்த்து உறங்கும் காலம். வேர்க்கட்டியின் அகலத்தைப் போல மூன்று மடங்கு அகலமாகக் குழி வெட்டுங்கள். ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரமே இருக்கட்டும். ஆழமாக நட்டுச் செத்த மேப்பிள்கள் ஏராளம். அடித்தண்டு மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். மண் உருண்டையின் மேற்பரப்பு தரையைவிட இரண்டு செ.மீ. உயர்ந்தே நிற்கட்டும். வேர் தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்து விடுங்கள். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய பைன் பட்டை கலந்து நிரப்புங்கள். களிமண் தரையானால் குழி தோண்டாமல் 30 செ.மீ. மேடு கட்டி அதில் நடுவது நல்லது. மேப்பிளுக்கு லேசான புளிப்பு மண் பிடிக்கும். பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் போதும், சுண்ணாம்பு போடாதீர்கள்.

மேலே ஐந்து முதல் ஏழு செ.மீ. கனத்துக்குப் பட்டைத் துண்டால் மூடாக்கு போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்கட்டும். தண்டைச் சுற்றி 60 செ.மீ. தூரத்துக்குக் கிக்கூயு புல் வரவே கூடாது. மேப்பிள் வேர் இருக்கும் அதே ஆழத்தில்தான் அதுவும் குடிக்கிறது, போட்டியில் புல்தான் ஜெயிக்கும்.

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய மேட்டுநிலமான ஹைவெல்டில் பலரும் தவறுவது குளிர்காலத் தண்ணீரில். மே முதல் ஆகஸ்ட் வரை மழை கிடையாது. மரத்தில் இலை இல்லையே என்று தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். வேர் காய்ந்துபோய், செப்டம்பரில் துளிர் வெளிவந்ததும் கருகி விழுகிறது. குளிரிலும் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி ஊற்றுங்கள். கோடையில் மழை பெய்யாத வாரத்தில் இரண்டு முறை, தடவைக்கு 10 முதல் 15 லிட்டர், மெதுவாக இறங்கும்படி.

புரட்டாசி விரதம் தொடங்கும் நாட்களில் இலை விரிந்துகொண்டிருக்கும். அப்போது ஒரு பின்பனி விழுந்தால் ஒரே இரவில் எல்லாம் கறுத்துவிடும். பனி என்று சொன்ன இரவில் பழைய பருத்திச் சேலையை மேலே போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உதவாது, இலையில் ஒட்டிக்கொண்டு பனியை அப்படியே கடத்தும்.

‘ஃபிளமிங்கோ’ மேப்பிள் இன்னும் அழகாக இருக்கிறது, வேகமாகவும் வளரும் என்கிறார்கள். அதை வைக்கலாமா?
— வாசகர், பெனோனி

வேண்டாம். ஃபிளமிங்கோ ஜப்பானிய மேப்பிள் இல்லை. ‘ஆஷ் இலை மேப்பிள்’ எனப்படும் ஏசர் நெகுண்டோவின் ஒரு ரகம். அரசின் ஊடுருவும் தாவரப் பட்டியலில் அந்த இனம் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் மரத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக நடவோ, பெருக்கவோ, விற்கவோ கூடாது. ஓடைக்கரையில் நின்றால் விதி இன்னும் கடுமை. சீன மேப்பிளும் இதே பிரிவுதான். சட்டத்தை விட்டுவிட்டாலும், கீழே பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகருக்குச் சொல்லியிருக்கும் மரம் துளைக்கும் வண்டுக்கு மிகப் பிடித்த மரங்களில் ஆஷ் இலை மேப்பிளும் ஒன்று.

நான்கு வருடப் பட்டர்ஃபிளை. நடுவில் இரண்டு கிளைகள் முழுப் பச்சையாக, மற்றவற்றைவிட வேகமாக உயர்கின்றன. மரம் நன்றாகத் தேறுகிறது என்று விட்டுவைத்திருக்கிறேன். சரியா?
— வாசகி, ஹில்டன்

இன்றைக்கே வெட்டுங்கள், காலம் பார்க்க வேண்டாம். அது தேறுவதல்ல, ரகம் கைநழுவிப் போவது.

இந்த மரத்தின் குருத்தில் இரண்டு வகைத் திசுக்கள் அடுக்காக இருக்கின்றன. ஒன்றில் பச்சையம் உண்டு, மற்றதில் இல்லை. பச்சைத் திசுவிலிருந்து மட்டும் ஒரு மொட்டு கிளம்பினால் கிளை முழுப் பச்சையாகும். அந்த இலை முழுவதும் உணவு தயாரிப்பதால் அது வெள்ளைக் கிளைகளை முந்தி, மேலே போய் நிழலிட்டு, சில வருடங்களில் மரத்தையே பச்சையாக்கிவிடும்.

நுனியை மட்டும் கிள்ளினால் பயனில்லை. அடியில் இருக்கும் மொட்டுகளும் பச்சையே துளிர்க்கும். கிளை புறப்படும் இடம் வரை விரலால் தடவிப் போங்கள். அங்கே மோதிரம்போல ஒரு புடைப்பு தட்டுப்படும். புடைப்பை விட்டு, அதை ஒட்டினாற்போல வெட்டுங்கள். முழு வெள்ளையாக வரும் குருத்தையும் விட்டுவைக்க வேண்டாம். அது சொந்தமாக வாழாது, கோடையில் கருகும்.

எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். இவை ஒட்டுச்செடிகள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் சிறு வளைவோ வீக்கமோ தெரியும், அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். அதற்குக் கீழே வரும் பச்சைக் கிளை, ஒட்டைத் தாங்கும் அடிச்செடியுடையது. அதை வேரடி வரை மண்ணை விலக்கி எடுக்க வேண்டும்.

உரமும் காரணமாக இருக்கலாம். புல்தரைக்கு வீசும் எல்.ஏ.என். உரம் மரத்தடிக்கும் போகிறதா? தழைச்சத்து கூடினால் பச்சைக் கிளைதான் கொழுக்கும். செப்டம்பரில் மெதுவாகக் கரையும் 3:1:5 உரம் (தழை, மணி, சாம்பல் சத்தின் விகிதம்), பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, அவ்வளவே. ஜனவரிக்குப் பின் எதுவும் வேண்டாம். மற்றபடி வடிவத்துக்காகச் செய்யும் பெரிய கவாத்தை ஜூன், ஜூலையில் முடியுங்கள். ஆகஸ்ட் கடைசியில் சாறு ஏறிவிடும், வெட்டிய இடம் நாள்கணக்கில் ஒழுகும்.

சாட்ஸ்வர்த்தில் வைக்கலாமா? நர்சரியில் விற்கிறார்கள்.
— வாசகர், டர்பன்

விற்பார்கள், இரண்டு வருடம் நிற்கவும் செய்யும். ஆனால் மேப்பிள் உறங்குவதற்குத் தேவையான குளிர் டர்பன் கரையில் கிடையாது. வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்காமல் வருடத்துக்கு வருடம் மெலியும். அந்தப் பணத்துக்கு ‘கூப்பரி’ செம்பருத்தி வையுங்கள். இலையில் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் உண்டு, பூசைக்குச் சிவப்புப் பூவும் கிடைக்கும். வெயில் காயும் இடமானால் பல வண்ண இலை ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுச் செடி. இரண்டும் டர்பன் மண்ணில் மனதார வளர்பவை.

தொட்டியில் வைத்த மேப்பிளின் இலை ஓரங்கள் டிசம்பரிலேயே பழுப்பாகிவிட்டன. தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை.
— வாசகி, ரைலண்ட்ஸ், கேப் டவுன்

ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை மட்டும் கருகி, பச்சை எல்லையில் கோடு போட்டாற்போல நின்றிருந்தால், அது வெயிலும் காற்றும் செய்த வேலை. பச்சையும் சேர்ந்து நுனியிலிருந்து கருகியிருந்தால் வேரில் ஈரம் போதவில்லை, அல்லது மண்ணில் உப்பு சேர்ந்திருக்கிறது. இலை மஞ்சளித்துத் தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. அப்போது தண்ணீரைக் கூட்டுவது கொல்வதற்குச் சமம்.

உங்கள் ஊரில் முதல் சந்தேகம் தென்கிழக்குக் காற்றின் மேல்தான். கோடை முழுக்க அடித்து, வேர் அனுப்பும் ஈரத்தைவிட வேகமாக இலையை உலர்த்துகிறது. தொட்டியை வீட்டின் மறைவுக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் காற்று வரும் பக்கம் 40 சத நிழல்வலை கட்டுங்கள். வலை காற்றை வடிகட்டும், கெட்டிப் பலகை வைத்தால் காற்று அதைத் தாண்டிச் சுழன்று அடிக்கும்.

உப்பு என்றால், வேர் அழுகாத தொட்டிக்கு மட்டும், தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். அடியில் தட்டு வைக்க வேண்டாம். கருகிய இலை மறுபடி பச்சையாகாது, ஆனால் பறிக்காதீர்கள். மீதிப் பச்சை இன்னும் உழைக்கிறது.

தொட்டி 45 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். மூன்று பங்கு மக்கிய பைன் பட்டை, ஒரு பங்கு சொரசொரப்பான ஆற்றுமணல், ஒரு பங்கு கம்போஸ்ட் கலவை போதும். பச்சைச் சாணம் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் வெளியே எடுத்து, வெளிச்சுற்று வேரில் கால் பங்கை வெட்டி, புதுக் கலவையில் வையுங்கள். உங்களுக்குக் குளிர்காலத்தில்தான் மழை, அதனால் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

தண்டில் குண்டூசி குத்தினாற்போலத் துளைகள், சுற்றிலும் ஈரக் கறை. என்ன மருந்து அடிப்பது?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இது ஷாட்ஹோல் போரர் வண்டாக இருக்கலாம். 2017-இல் உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில்தான் இந்த நாட்டில் முதலில் அடையாளம் கண்டார்கள். வண்டு எள்ளைவிடச் சின்னது. துளை பால்பாயிண்ட் பேனா முனை அளவு. தச்சன் சீவினாற்போல மரத்தூளோ, சர்க்கரைபோல வெள்ளைப் பொடியோ, பழுப்புக் கறையோ துளையைச் சுற்றித் தெரியும்.

வண்டு மரத்தைத் தின்பதில்லை. உள்ளே சுரங்கம் வெட்டிப் பூஞ்சை பயிரிட்டு, அதைத்தான் தின்கிறது. அந்தப் பூஞ்சை தண்ணீர் ஏறும் குழாய்களை அடைக்கிறது. வெளியே அடிக்கும் பூச்சிமருந்து உள்ளே இருக்கும் வண்டைத் தொடாது, அதில் காசு போடாதீர்கள். ஜப்பானிய மேப்பிளிலும் இது இனம்பெருக்கும்.

கறையைத் தெளிவாகப் படம் எடுத்து, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஃபாபி ஆய்வு நிலையத்துக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். ஒரு கிளையில் மட்டும் என்றால் துளைகளுக்கு வெகு கீழே வெட்டுங்கள். அடித்தண்டில் என்றால் மரத்தை எடுத்துவிடுவதே அக்கம்பக்கத்துக்கு நல்லது. வெட்டியதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கால் காற்று புகாமல் மூடி, கோடை வெயிலில் ஆறு வாரமாவது விடுங்கள். கல்யாணப் பிரியாணி அடுப்புக்கு விறகு என்று பக்கத்து ஊருக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. வண்டு ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரு பக்கக் கிளைகள் மட்டும் திடீரென்று வாடிக் காய்கின்றன. மறுபக்கம் நன்றாக இருக்கிறது. துளை எதுவும் இல்லை.
— வாசகி, லேடிஸ்மித்

காய்ந்த கிளை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டு முகத்தில் ஆலிவ் பச்சையில் புள்ளிகளோ வளையமோ தெரிந்தால் வெர்டிசீலியம் வாடல். அங்கே முன்பு கத்தரி, தக்காளி, மிளகாய் போட்டிருந்தீர்களா? அவற்றைத் தாக்கும் அதே மண் பூஞ்சைதான் மேப்பிளின் வேர் வழியே ஏறுகிறது, பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். நம் வீடுகளில் கொல்லை என்றாலே கத்தரிப் பாத்திதான், ஆகவே இது அடிக்கடி நடக்கிறது. மருந்து கிடையாது. காய்ந்ததை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் துடைத்து, தண்ணீர் ஒழுங்காகக் கொடுத்தால் சில மரம் தப்பிக்கும். போய்விட்டால் அதே குழியில் இன்னொரு மேப்பிள் வேண்டாம். எலுமிச்சைப் புல் வையுங்கள், புல் வகையை இந்தப் பூஞ்சை அண்டாது.

விதையிலிருந்து வளர்க்க முடியுமா?
— வாசகர், ஹோவிக்

முளைக்கும், ஆனால் வெள்ளை விளிம்பு வராது, பெரும்பாலும் சாதாரணப் பச்சைதான். அந்த நாற்றை வீசிவிடாதீர்கள். பென்சில் கனம் வந்ததும் அதையே அடிச்செடியாக வைத்து, ஜூலை கடைசியில் பட்டர்ஃபிளையின் முந்தைய வருடக் குச்சியைப் பக்க ஒட்டாகக் கட்டலாம். குச்சி எடுக்கும்போது சென்ற கோடையில் நல்ல வெள்ளை காட்டிய கிளையாகப் பார்த்து எடுங்கள். இலை இருக்கும்போதே அதில் நூல் கட்டி அடையாளம் வைத்தால்தான் ஜூலையில் தெரியும்.