அசேராவைப் பற்றிக் கேட்கிறீர்கள், சொல்கிறேன்

கேள்வி: வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 23-இல் யூதாவின் ராஜா யோசியா எரித்த தோப்பு விக்கிரகம் எது?

கானானியத் தாய்த்தெய்வமான அசேராவின் சின்னம். எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே இருந்ததை வெளியே கொண்டுபோய், கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்து, தூளாக்கி, சாதாரண ஜனங்களின் கல்லறைகள்மேல் போடுகிறான். அடுத்த வசனத்தையும் தயவுசெய்து படியுங்கள்: ஆலய வளாகத்திலேயே பெண்கள் அவளுக்காக நெய்துகொண்டிருந்தார்களாம். எங்கிருந்தோ வந்த அந்நிய வழிபாடு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, யூதா மக்களே அவளைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அவள் தெய்வமா, மரமா?

இரண்டும்தான். சிரியக் கடலோரத்து உகாரித்தில் 1929 முதல் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் அவள் பெயர் அதிராத். ஏல் என்ற முதுபெரும் கடவுளின் மனைவி, எழுபது பிள்ளைகளின் தாய். வேதத்திலோ பெரும்பாலும் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மரம் அல்லது மரக்கம்பம். உபாகமம் 16:21 அதை நடக்கூடாது என்கிறது, நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோன் வெட்டிப்போடுகிறான். எருசலேமுக்குத் தென்மேற்கே இருந்த பழைய நகரமான லாகீசில் கிடைத்த, கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக் குடுவையைப் பாருங்கள். ஒரு மரம், இருபுறமும் காட்டாடுகள், மேலே 'என் தேவிக்குக் காணிக்கை' என்ற பொருளில் ஓர் எழுத்து வரி, அதில் தேவி என்ற சொல் சரியாக மரத்தின் உச்சியில் வந்து நிற்கிறது. எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கேள்வி: அஸ்தரோத்தும் இவளும் ஒன்றா?

இல்லை. அஸ்தரோத் வேறொரு கானானியப் பெண்தெய்வம், உகாரித்திலேயே இருவரும் தனித்தனி தெய்வங்கள்.

கேள்வி: இஸ்ரவேலின் கடவுளான யாவேயின் மனைவி அசேரா என்கிறார்களே?

சீனாயின் வடகிழக்கில் குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில், 1975-76 அகழாய்வில் பெரிய சாடிகள் கிடைத்தன, சுமார் கி.மு. 800. ஒன்றில் 'சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும்' ஆசீர்வாதம் கூறி எழுதியிருக்கிறது. எப்ரோன் பக்கத்துக் கல்லறை ஒன்றிலும் இதேபோல் உண்டு. ஆனால் எபிரெயத்தில் ஒருவரின் பெயரோடு 'அவருடைய' என்று ஒட்டு சேர்ப்பது வழக்கமில்லை, அதனால் இங்கே சொல்வது அந்தக் கம்பத்தையே என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மனைவி என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களை அப்படியே நம்பாதீர்கள். அதே சமயம் அந்தச் சின்னம் யாவே வழிபாட்டோடு சேர்ந்தே இருந்தது என்பதை யாரும் மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: மார்பைத் தாங்கிய களிமண் பொம்மைகள் அவள்தானா?

யூதாவில் கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளில் நூற்றுக்கணக்கில், பெரும்பாலும் வீடுகளில் கிடைத்தவை. இடுப்புக்குக் கீழே வெறும் தூண். எதிலும் பெயர் இல்லை, ஆகவே அசேரா என்று நான் முத்திரை குத்தமாட்டேன். பிள்ளைப்பேறு, பால் சம்பந்தமான வேண்டுதலுக்கு வைத்திருப்பார்கள் என்பதுதான் என் ஊகம்.