குதிரை ஓட்டக் காணிக்காரருக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் வசிக்கும் என் மகள், பேத்திக்காக மட்டக்குதிரை ஒன்றை வாங்கி வளர்க்கிறாள். கார்கள் ஓடும் வீதிகளைத் தவிர்த்து, பண்ணைகளுக்கு ஊடாகவும் காட்டோரமாகவும் ஓட்டுவதென்றால் ஆண்டுக் கட்டணம் கட்டி அனுமதி அட்டை எடுக்க வேண்டும் என்கிறாள். நடந்து போகிறவர்களிடம் ஒரு சதமும் வாங்காத நாட்டில் குதிரைக்கு மட்டும் காசு கேட்பது முறையா? கட்டணத்தை நான் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருப்பதால் கேட்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்)

பதில்: முறையானதுதான்; ஆனால் எதற்காகக் கட்டுகிறீர்கள் என்பதை அறிந்துகொண்டு கட்டுங்கள். இங்கிலாந்தில் பொது நடைபாதை என்று பதிவான வழியில் காலால் நடப்பதற்கு மட்டுமே எவருக்கும் உரிமை உண்டு. குதிரையில் செல்லும் உரிமை, குதிரைப் பாதை என்றும் அதற்கு மேற்பட்ட சில வகைகளாகவும் பதிவான வழிகளிலேயே கிடைக்கிறது. மேட்டுநிலங்களையும் புல்வெளிகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 2000 ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பவர்களுக்குத்தான் அந்த உரிமையைத் தந்தது. ஆகவே நடப்பவருக்கு இலவசமாக உள்ள இடம் குதிரைக்காரருக்கு மூடியிருப்பது அங்கே வழமையான காரியம்.

நம்மூர்க் கண்ணால் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உறுதியில் வழி வாய்க்கால் உரித்து எழுதப்பட்டிருந்தால், அயலவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அந்த ஒழுங்கையால் நீங்கள் போய் வரலாம். அவருடைய பனங்காணிக்குள்ளால் குறுக்கே நடப்பதோ அவர் மனம்வைத்து விடுகிற மட்டும்தான். உங்கள் மகள் வாங்கப்போவது இரண்டாவது வகை. அது பாதையில் ஒரு பங்கல்ல, ஓர் ஆண்டுக்கான சம்மதம். அடுத்த ஆண்டு காணிக்காரர் மறுத்தால் அவரைக் கேட்க வழியில்லை.

காணிக்காரர் இதனால் அடையும் நன்மை கட்டணத்தோடு நிற்பதில்லை. பொதுமக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையுள்ளவர்களைப் போலப் பயன்படுத்தினால் அது பொதுவழியாகிவிட்டதாகக் கொள்ள அந்நாட்டின் 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தருகிறது. அனுமதி பெற்று நடந்த பயன்பாடு அந்தக் கணக்கில் சேராது. நம்மிடம் 10 ஆண்டு ஆட்சியை, அதாவது தொடர்ந்து அனுபவித்ததைக் காட்டி வழக்குப் பேசுகிறவர்களுக்கு, 'விட்டுக் கொடுத்ததால்தானே போனீர்' என்று எதிர்த்தரப்பு சொல்லும் மறுமொழி நினைவிருக்கும். அங்கே அந்த மறுமொழியை அனுமதி அட்டையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. இதில் வஞ்சகம் இருப்பதாக நான் கருதவில்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பலர் படலையையே பூட்டியிருப்பார்கள்.

கட்டுவதற்கு முன் மகள் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை. அந்நாட்டின் அரச வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் 1:25,000 அளவு வரைபடத்தில் நடைபாதை குறுகிய பச்சைக் கீறுகளாகவும், குதிரைப் பாதை நீண்ட பச்சைக் கீறுகளாகவும் காட்டப்பட்டிருக்கும். தொழுவத்திலிருந்து வீதியில் அதிகம் ஏறாமல் எட்டக்கூடிய நீண்ட கீறுகள் போதிய அளவு இருந்தால் காசு செலவழிக்கத் தேவையில்லை. கென்ற் பக்கத்தில் அவை துண்டு துண்டாக அறுந்து கிடந்தால், அவற்றை இணைக்கும் தனியார் வழிக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று சொல்லமாட்டேன். வேகமாக வரும் வாகனங்களுக்கு நடுவே சிறுபிள்ளை குதிரையில் போவதை எண்ணிப் பாருங்கள். குதிரையை 2 மீற்றராவது விலகி, மணிக்கு 10 மைலுக்கு உட்பட்ட வேகத்தில் கடக்க வேண்டும் என்று 2022 இல் அங்கு விதியைத் திருத்தியதற்குக் காரணம் இல்லாமலில்லை.

அடுத்து, நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அனுமதி ஆளுக்கா குதிரைக்கா என்பது இங்கே முக்கியம், ஏனெனில் பேத்தியோடு தாயும் இரவல் குதிரையில் போனால் ஒரு கட்டணம் இரண்டாகலாம். மாரிகாலச் சேற்றிலும் வேட்டை நாட்களிலும் வழியை மூடுவார்களா, மூடிய நாட்களுக்குக் கழிவு உண்டா என்பதையும் கேட்கட்டும்.

காப்புறுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குதிரை மிரண்டு பிறருக்குச் சேதம் விளைத்தால், 1971 ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்படி, கவனக்குறைவு எதுவும் இல்லாதபோதும் வைத்திருப்பவர் பொறுப்பாகக்கூடும். அனுமதி அட்டை இதற்கு உதவாது. பிரித்தானியக் குதிரைச் சங்கத்தின் 'தங்கம்' என்ற வகை அங்கத்துவத்தில் பிறருக்கான இழப்புக் காப்பும் அடங்கியிருப்பதால், அதை எடுத்த பின்னர் வழிக்கட்டணத்தைப் பற்றி யோசிப்பதே நல்ல ஒழுங்கு.

கேள்வி: ஸ்கொட்லாந்தில் உள்ள மருமகன் இப்படி எதுவும் கட்டுவதில்லை என்கிறார். அப்படியானால் மகளை ஏமாற்றுகிறார்களா? (அதே வாசகர்)

பதில்: இல்லை. ஸ்கொட்லாந்தின் 2003 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் குதிரைக்காரருக்கும் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. பயிர் நிற்கும் வயலும் வீட்டு வளவும் அதில் சேரா. மருமகன் சொல்வது அவர் இருக்கும் இடத்துக்குச் சரி. அதே குதிரையை ஏற்றிக்கொண்டு தெற்கே சசெக்ஸில் உள்ள ஆஷ்டவுன் காட்டுக்கு வந்தால் அவரும் அனுமதி வாங்கித்தான் ஓட்ட வேண்டும்.